சொட்டுக் கணக்கு

ஐந்நூறு மில்லி, நான்கு மணி நேரம்,
சாதாரண செட்.
நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

நூற்றிருபத்தைந்து என்று எழுதி
அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.
மேல்விஷாரத்து ஷப்ரீன் மட்டும் எழுதாமல்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
"புரியலையா?"
"புரியுது மிஸ்."
மணி அடித்தது. போர்டைத் துடைத்துவிட்டு வந்தேன்.

தயாராகாமல் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது.
முந்தின இரவு குடியாத்தத்தில் கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில்
சமையல்கட்டுச் சுவருக்கு முழுப் பாடமும் நடத்தினேன்.
எங்கே நிறுத்துவது, எங்கே கேட்பது,
கடைசி வரிசை ஹெப்சிக்கு இடது காது மந்தம்,
அவளிடம் கேள்வியை இரண்டு முறை சொல்ல வேண்டும்.
காலி பாட்டில், சுருட்டிய டியூப்,
எல்லாம் பையில் இருந்தன.
கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.
அதுதான் நோட்டில் இருந்ததே,
என் கையெழுத்தில், சிவப்பு மையில்,
மூன்று வருஷமாக.

காட்பாடி பாலத்தில் பஸ் நின்றபோது
மூடியைக் கடித்த அந்தப் பல் ஞாபகம் வந்தது.
டிக்கெட்டில் இடம் போதவில்லை,
உள்ளங்கையில் எழுதினேன்.
ஐந்நூறு பெருக்கல் இருபது, பத்தாயிரம்.
வகுத்தல் இருநூற்று நாற்பது.
நாற்பத்திரண்டு.

இருபது போட வேண்டிய இடத்தில் அறுபது.
குழந்தைகள் வார்டின் மைக்ரோ செட் கணக்கை
பெரியவர்கள் குழாயில் ஏற்றியிருக்கிறேன்.
அப்படி விட்டால்
நான்கு மணி நேரப் பாட்டில் எண்பது நிமிடத்தில் காலி.
இதயம் தளர்ந்த ஒருவருக்கு
நுரையீரல் வரை தண்ணீர்.

லத்தேரியில் ஏறிய அம்மாள்
கீரைக்கட்டை என் மடியில் வைத்து
"கொஞ்சம் புடிம்மா" என்றாள்.
பிடித்துக்கொண்டேன்.

இதற்கு முன் மூன்று பேட்ச்.
நான்கு பேர் ராணிப்பேட்டையில், ஒருத்தி மஸ்கட்டில்,
பாதிப் பேர் எங்கே என்றே தெரியாது.

அன்றிரவு சாப்பிடவில்லை என்று எழுதினால் பொய்.
முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பு, இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன்.
பிறகு மொட்டைமாடியில் நின்று
பழைய பிள்ளைகளுக்குக் குரல் பதிவு செய்தேன்.
முதலில் "ஒரு சின்னத் திருத்தம்" என்றேன். அழித்தேன்.
அடுத்து "எழுத்துப் பிழை" என்றேன்.
எழுத்து சரியாகத்தான் இருந்தது. அழித்தேன்.
மூன்றாவது:
"நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்.
நாப்பத்திரெண்டு. நூத்தி இருபத்தஞ்சு இல்ல.
யாருக்காவது அப்படி விட்டிருந்தா எங்கிட்ட சொல்லுங்க."

முதலில் வந்தது ஒரு கும்பிடு படம்.
நள்ளிரவுக்கு மேல் மஸ்கட்டிலிருந்து குணவதி:
"வார்டு சிஸ்டர் மொத நாளே திருத்திட்டாங்க மிஸ்.
போர்டுல சரியாத்தான் இருந்திருக்கும்,
நாங்கதான் தப்பா எழுதிக்கிட்டோம்னு நெனச்சோம்."

அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.
அந்த இரண்டு கோட்டுக்குப் பயந்து
தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

"நீங்க கவனிக்கிறீங்களான்னு பார்க்கத்தான்
வேணும்னே அப்படி எழுதினேன்."
வாத்தியார் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம்.
மறுநாள் காலை
வகுப்பு வாசல் வரை என்னுடன் நடந்து வந்தது.
உள்ளே விடவில்லை.

"நேத்து நான் போட்டது தப்பு" என்றேன்.
மின்விசிறிச் சத்தம்.
ஷப்ரீன் எழுந்தாள்.
"தெரியும் மிஸ். ஆனா நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு ஆறு வருது.
புள்ளி ஆறு சொட்டு எப்படி விழும்?"
யாரோ சிரித்தார்கள். பிறகு நானும்.

பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டி
வாளிக்குள் குழாயை விட்டோம்.
கையில் கடிகாரத்தைப் பிடித்து
நான் உரக்க எண்ண,
அறுபது கண்கள் ஒரு சொட்டின்மேல்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாற்பது...

"மிஸ்,"
கடைசி வரிசையிலிருந்து ஹெப்சி,
"முப்பத்தொன்பத விட்டுட்டீங்க."

மறுபடி ஒன்றிலிருந்து.